கடைசிப் பக்கத்து நண்பர்

பத்திரிகையைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கிற ரகத்தைச் சேர்ந்தவன் நான். இந்தப் பழக்கத்துக்கு என் தகப்பனார்தான் பொறுப்பாளி. காலையில் காப்பி சாப்பிட்டுவிட்டுக் கூடத்துச் சாய்வு நாற்காலியில் அமர்ந்து, அவர் பத்திரிகையை இரண்டு கைகளாலும் விரித்துப் பிடித்தாரானால், ராஜ்ய விவகாரங்கள் முழுவதும் அவர் பக்கம் இருக்கும். வெளிப்புறம் தெரிகிற கடைசிப் பக்கம் என் பங்கு. எதிரே தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, அண்ணாந்து பார்த்தபடி கிரிக்கெட் ஸ்கோரைப் படிப்பேன். சில நாட்களில், நல்ல கட்டத்தில், பக்கத்தைத் திருப்பிவிடுவார். மேற்கிந்தியத் தீவுப் பந்து வீச்சாளர் ஓடி வந்துகொண்டிருக்கும்போதே மறைந்து போவார். அவர் இருந்த இடத்தில் தானிய விலைப் பட்டியல் தோன்றும். "கொஞ்சம் திருப்பாமல் இருங்களப்பா" என்று சொல்கிற தைரியம் எங்கள் தலைமுறையில் யாருக்கும் கிடையாது. காத்திருப்பேன். எப்படியும் திரும்ப வருவார்.

எங்கள் வீட்டுப் பரணில் 'ஸ்போர்ட் அண்ட் பாஸ்டைம்' பத்திரிகையின் பழைய இதழ்கள் ஒரு கட்டு இருந்தன. 1947-ல் சென்னையில் தொடங்கி 1968-ல் நின்றுபோன பத்திரிகை அது. நான் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கியபோது அது காலமாகிவிட்டது என்றாலும், கோடை விடுமுறைகளில் பரணிலிருந்து இறங்கி வந்து எனக்கு உயிரோடுதான் இருந்தது. பிறகு 1978-ல் 'ஸ்போர்ட்ஸ்டார்' வந்தது. அதன் நடுப்பக்க வண்ணப் படத்தை முதலில் கிழிப்பது யார் என்பதில் எங்கள் வீட்டில் எனக்கும் என் தம்பிக்கும் நடந்த யுத்தங்களைப் பற்றி எழுதினால் இந்தக் கட்டுரைக்கு வேறு தலைப்புக் கொடுக்க வேண்டி வரும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். என் பெயரும் ஒரு தரம் அந்தக் கடைசிப் பக்கத்தில் வந்தது. பள்ளிக்கூடங்களுக்கிடையே நடந்த ஓர் ஆட்டத்தில், எப்படியென்று எனக்கே இன்றுவரை விளங்கவில்லை, நான் 31 ரன்னுக்கு 4 விக்கெட் எடுத்துவிட்டேன். மறுநாள், எறும்பு வரிசையைப் போன்ற பொடி எழுத்தில், பக்கத்தின் அடியில், என் பெயர். இனிஷியல் மட்டும் 'வி'க்குப் பதிலாக 'பி' என்று இருந்தது. அப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். "இது வேறு எவனோ பையன்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு ஆபீசுக்குப் போய்விட்டார். அதற்கப்புறம் என் பெயர் சரியான இனிஷியலுடன் எத்தனையோ புஸ்தகங்களின் அட்டையில் அச்சாகியிருக்கிறது. வாசகர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. அந்த 'பி' கொடுத்த சந்தோஷத்தை அவற்றில் ஒன்றும் எனக்குக் கொடுத்ததில்லை.

இந்தச் சமாசாரத்தை நான் முதன்முதலில் வெளியில் சொன்னது ஒரு விளையாட்டு நிருபரிடம். அவர் என் நண்பர். பெயரைச் சொல்லக்கூடாது என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்; ஆகையால் நண்பர் என்றே எழுதுகிறேன். 1990-களின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாவலில் ஓர் அத்தியாயம் நகராமல் நின்றுவிட்டதால், கடற்காற்று வாங்கலாம் என்று போனவன் மெரினா மைதானத்தில் லீக் கிரிக்கெட் நடப்பதைக் கண்டு நிழல் தேடி உட்கார்ந்தேன். பார்வையாளர்கள் என்று சொன்னால், என்னைத் தவிர இரண்டு நாய்களும் ஒரு சுண்டல்காரரும். சற்றுத் தள்ளி ஒருவர் கறுப்புக் குடையைக் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, நோட்டுப் புஸ்தகத்தில் எழுதிக்கொண்டிருந்தார். ஓவர் முடிகிறபோதெல்லாம் எழுந்துபோய் ஸ்கோர் குறிப்பவருடன் ஒத்துப் பார்த்துவிட்டு வந்தார். ஆட்டமிழந்து வரும் பையன்கள் ஒவ்வொருவரிடமும், அவர்கள் எவ்வளவு எரிச்சலாக வந்தாலும், ஒரே கேள்வியைக் கேட்டார்: "தம்பி, இனிஷியல் என்ன?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. தம் வீட்டில் நடந்த குற்றத்தைக் கேட்கிறவர் போல முகம் சுண்டிப் போய், "டெலிபோனில் வாங்கியிருப்பாங்க சார். லைனில் வி-யும் பி-யும் ஒண்ணாத்தான் கேட்கும். 'வி ஃபார் விக்டரி'ன்னு சொல்லச் சொல்லி வாங்கணும். வாங்கலை" என்றார். நாங்கள் சிநேகிதர்களானது அப்படித்தான்.

அவருடைய தொழிலைப் பற்றி நான் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்துகொண்டேன். சென்னையில் ராஜா ஆஃப் பாளையம்பட்டி கேடயத்துக்காக நடக்கும் முதல் டிவிஷன் லீகில் ஜாலி ரோவர்ஸ், இந்தியா பிஸ்டன்ஸ், விஜய் என்று பெயர் பெற்ற அணிகள் உண்டு; அங்கே ரஞ்சி ஆட்டக்காரர்கள் ஆடுவார்கள்; தேடிப் போகிறவர்களும் உண்டு. அதற்குக் கீழே டிவிஷனுக்கு மேல் டிவிஷனாக, கல்லூரி மைதானங்களிலும் கம்பெனி மைதானங்களிலும், பாங்கு குமாஸ்தாக்களும் பாலிடெக்னிக் மாணவர்களும் ஆடுகிறார்கள். எழும்பூரில் ராதாகிருஷ்ணன் மைதானத்தில் ஹாக்கி. நேரு ஸ்டேடியத்தில் பகல் மூன்று மணி வெயிலில் கால்பந்து லீக். சனி, ஞாயிறு சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் இந்த ஆட்டங்களின் முடிவெல்லாம் அவருடைய மேஜைக்கு வந்து சேரும். எட்டரைக்குள் வெளியூர்ப் பதிப்புக்குப் பக்கம் போக வேண்டும். அதற்குள் நாற்பது ஸ்கோரைச் சுருக்கி, இரண்டு ரமேஷ்களையும் மூன்று சுரேஷ்களையும் இனிஷியல் பிசகாமல் அவரவர் அணியில் சேர்த்தாக வேண்டும். பிசகினால் மறுநாள் காலை ஏழு மணிக்கு டெலிபோன் வரும். பையன் பேசமாட்டான், பாட்டிதான் பேசுவாள்.

"சேப்பாக்கத்தில் டெஸ்ட் நடந்தால் ஐம்பது பேனா சார். நான் ஒருத்தன் தூங்கிப் போனாலும் உலகத்துக்கு நஷ்டமில்லை. இங்கே ஒரே பேனா. நான் எழுதலைன்னா இந்த ஆட்டம் நடக்கவேயில்லை" என்று ஒரு தடவை சொன்னார். பெருமையாகச் சொல்லவில்லை. காய்ச்சலோடு ஏன் மைதானத்துக்கு வந்தீர்கள் என்று நான் கடிந்துகொண்டதற்குச் சொன்ன பதில் அது.

வியாசர்பாடிப் பக்கத்துப் பையன் ஒருவன், கால்பந்தில் கோல் காப்பவன், இவர் எழுதிய நாலு வரியை மைக்கா ஒட்டி வைத்திருந்தான். விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு ஆள் எடுக்கும்போது சட்டப்படி செல்லுபடியாவது சங்கத்தின் சான்றிதழ்தான். ஆனால் இருநூறு சான்றிதழ்களை ஒரே மாதிரிப் பார்த்துக் களைத்துப் போன அதிகாரி, அந்த நாலு வரியைக் கண்டதும் தலையை நிமிர்த்தி, "நீதானா அது?" என்று கேட்டாராம். வேலை கிடைத்தது அந்த வரிகளாலா, அன்று அவன் பிடித்த இரண்டு பந்துகளாலா என்று எனக்குத் தெரியாது. அவன் வீட்டில் முதல் மாதச் சம்பளத்தில் வாங்கிய லட்டு டப்பா என் நண்பர் வீட்டுக்கு வந்தது. அதில் நாலு எனக்கும் வந்தன.

என் தகப்பனார் 1994-ல் காலமானார். இன்ஷ்யூரன்ஸ் காகிதங்களைத் தேடியபோது, பாலிசிப் பத்திரத்துக்கும் ரேஷன் கார்டுக்கும் நடுவே, பழுப்பேறின ஒரு துண்டுக் காகிதம் அகப்பட்டது. 31 ரன்னுக்கு 4 விக்கெட். 'பி'யின் மேல் பேனாவால் கோடிட்டு, பக்கத்தில் அவருடைய ஆபீஸ் கையெழுத்தில் 'வி' என்று திருத்தி, திருத்தத்துக்கு அடியில் சின்னக் கையொப்பமும் போட்டிருந்தார். இதையும் நண்பரிடம் சொன்னேன். அவர் வெகு நேரம் கடல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ஃபைல் நோட்டிங் மாதிரி கையெழுத்துப் போட்டிருக்கார் பாருங்க" என்றார்.

விளையாட்டுப் பக்கம் ஏன் தேய்ந்தது என்பதற்கு எல்லோரும் ஒரே காரணம் சொல்கிறார்கள். ஆட்டத்தின் முடிவு அந்த வினாடியே சட்டைப் பையில் வந்துவிடுகிறதே, மறுநாள் காலையில் எவன் படிப்பான் என்பது வாதம். இதை நான் அவ்வளவு எளிதில் ஒப்புக்கொள்ள மாட்டேன். 1986 செப்டம்பர் 22 அன்று சேப்பாக்கத்தில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஆடிய டெஸ்ட் சமமாக முடிந்ததே, நினைவிருக்கிறதா? இந்தியாவுக்கு 348 ரன் வேண்டும். ஸ்கோர் சமம், ஒரு விக்கெட்டும் இரண்டு பந்தும் பாக்கி. மாத்யூஸ் வீசிய பந்து மணீந்தர் சிங்கின் காலில் பட்டது; அம்பயர் விரலைத் தூக்கினார்; மறுமுனையில் 48 ரன்னுடன் சாஸ்திரி அப்படியே நின்றார். இதையெல்லாம் ஆபீஸில் டிரான்ஸிஸ்டரைச் சுற்றி நின்று அந்த வினாடியே கேட்டுவிட்டோம். அப்படியிருந்தும் மறுநாள் காலை ஐந்தரை மணிக்கே வாசலில் போய் நின்று, பத்திரிகை போடுகிற பையனிடமிருந்து பிடுங்காத குறையாக வாங்கி, ஒரு வரி விடாமல் படித்தேன். என்ன ஆயிற்று என்பது தெரிந்ததுதான். டீன் ஜோன்ஸ் அந்த வெயிலில் வாந்தியெடுத்துக்கொண்டே 210 ரன் அடித்தாரே, அது எப்படி என்பதை அங்கே இருந்து பார்த்த ஒருவர் வாயால் கேட்க வேண்டியிருந்தது. கல்யாணத்துக்குப் போய் வந்தவர்கள் மறுநாள் உட்கார்ந்து அதே கல்யாணத்தைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுவதில்லையா?

உண்மைக் காரணம் காசுதான். நம் நாட்டில் பத்திரிகையின் விலை அதை அச்சடிக்கிற செலவுக்குக்கூடக் காணாது. விளம்பரம்தான் மிச்சத்தைக் கொடுத்துவந்தது. விளம்பரம் செல்போனுக்குக் குடிபெயர்ந்துவிட்டது. கூடவே ஆட்டங்களும் ராத்திரிக்குப் போய்விட்டன. ஐ.பி.எல். ஆட்டம் முடிய நள்ளிரவு நெருங்கிவிடும். வெளியூர்ப் பதிப்பு அதற்குள் லாரி ஏறிவிடும். விருதுநகரிலோ வேலூரிலோ காலையில் பத்திரிகையைப் பிரித்தவர் பாதி ஆட்டத்தைத்தான் படிப்பார்.

விளையாட்டில் பணமில்லை என்று மட்டும் யாரும் சொல்ல முடியாது. 2022-ல் ஐ.பி.எல். ஆட்டங்களை ஐந்து வருஷம் காட்டுகிற உரிமை 48,390 கோடி ரூபாய்க்கு ஏலம் போயிற்று. கோடிக்கு எத்தனை பூஜ்யம் என்று நான் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். ஆடுகிறவனுக்கும் காட்டுகிறவனுக்கும் இவ்வளவு பணம் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. பார்த்து எழுதுகிறவனுக்குத்தான் ஆட்டோச் சத்தம் கொடுக்க வழியில்லை.

2020 மார்ச்சு மாதத்துக்கு வருகிறேன். வர மனமில்லாமல்தான் இவ்வளவு நேரம் சுற்றிக்கொண்டிருந்தேன்.

ஊரடங்கு வந்த அந்த வாரத்தில், பத்திரிகைக் காகிதத்தில் கிருமி ஒட்டிக்கொண்டு வருகிறது என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். எங்கள் குடியிருப்பில் எல்லோரும் பத்திரிகையை நிறுத்தினார்கள். நானும் நிறுத்தினேன். மூன்று நாள் வெயிலில் காயப்போட்டுப் படித்தவர்கள் இருந்தார்கள். எனக்கு அந்த வீரமும் இல்லை. செய்தித்தாள் இல்லாவிட்டால் செத்துப்போவேன் என்று நாற்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தவன் செல்போனில் செய்தி பார்த்துக்கொண்டு சௌக்கியமாக இருந்தேன்.

அதே வாரத்தில் உலகம் முழுவதும் விளையாட்டு நின்றது. டோக்கியோ ஒலிம்பிக்கை அடுத்த வருஷத்துக்குத் தள்ளினார்கள். விம்பிள்டன் நடக்கவே இல்லை. ஐ.பி.எல். செப்டம்பரில் அரபு நாட்டில், ஆளில்லாத மைதானங்களில் நடந்தது. மெரினா மைதானத்தில் புல் முளைத்தது. எழுத ஆட்டமில்லாத நிருபர் பழைய ஆட்டங்களைப் பற்றி எழுதினார். மே 25 அன்று ஹாக்கி வீரர் பல்பீர் சிங் சீனியர் காலமானார். 1948, 1952, 1956 என்று மூன்று ஒலிம்பிக் தங்கம் பெற்ற அணிகளில் ஆடியவர். 1952 இறுதி ஆட்டத்தில் இந்தியா நெதர்லாந்துக்குப் போட்ட ஆறு கோல்களில் ஐந்து அவருடையவை. அவரைப் பற்றி என் நண்பர் ஒரு கட்டுரை எழுதினார். அது வெளிவந்த இரண்டு நாளில் அவருக்கு வேலை போயிற்று.

கூப்பிட்டது ஒரு பெண் குரல். வயது இருபத்தைந்து இருக்கலாம் என்றார். பேச்சு பதிவாகிறது என்று முதலிலேயே தெரிவித்துவிட்டாள். சாயங்காலத்துக்குள் தாமாகவே ராஜினாமாக் கடிதம் அனுப்பினால் இரண்டு மாதச் சம்பளம் உண்டு. அனுப்பாவிட்டால் அதுவும் சந்தேகம். பத்திரிகையாளர்களின் வேலைக்குப் பாதுகாப்பாக 1955-லேயே பார்லிமெண்டில் சட்டம் வந்தது. மஜீதியா குழு சொன்ன சம்பளத்தைக் கொடுக்க வேண்டும் என்று 2014-ல் சுப்ரீம் கோர்ட்டும் சொல்லியிருந்தது. ஆனால் என் நண்பர் இரண்டாவது பத்திரிகைக்கு மாறியபோதே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர். ஒப்பந்தக்காரருக்குச் சட்டம் தூரத்து உறவு. கல்யாணத்துக்கு வரும், கஷ்டத்துக்கு வராது. அந்த வருஷம் நாட்டில் பல பத்திரிகைகளில் இதுவே நடந்தது. சங்கங்கள் கோர்ட்டுக்குப் போயின.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு அவர் அந்தப் பெண்ணிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்: "இன்னிக்குப் பக்கம் யாரும்மா போடுவாங்க?" அவளுக்குப் பாவம், பக்கம் போடுவது என்றால் என்னவென்றே தெரியவில்லை.

விஷயம் தெரிந்து அன்று ராத்திரி நான் டெலிபோன் செய்தேன். ஆறுதல் சொல்லத்தான். அவரோ வழக்கம் போல, "பல்பீர் சிங் பத்தி எழுதினேனே, பார்த்தீங்களா சார்?" என்று கேட்டார். இருபத்தைந்து வருஷமாக அவர் எழுதியதைப் படித்துவிட்டு ஏதாவது குறை சொல்வது என் வழக்கம். இரண்டு மாதமாக என் வீட்டு வாசலில் பத்திரிகை விழவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

"பார்த்தேன். ரொம்ப அருமை" என்றேன்.

இப்படிச் சீட்டுக் கிழிந்தது எங்கள் ஊரில் மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. வேலை போன பிறகு என் நண்பருக்கு உலகத்துப் பத்திரிகைகளின் மரணச் செய்திகளைச் சேகரிப்பது ஒரு பொழுதுபோக்காகிவிட்டது. சிலர் தபால் தலை சேர்ப்பதில்லையா, அது போல. 2023 ஜூலையில் 'நியூயார்க் டைம்ஸ்' தன் விளையாட்டுப் பகுதியைக் கலைத்தது. வேலையிலிருந்து யாரையும் நீக்கவில்லை. முப்பத்தைந்துக்கு மேற்பட்டவர்களை வேறு பகுதிகளுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். 2022-ல் 55 கோடி டாலருக்கு வாங்கிய 'தி அத்லெடிக்' என்ற இணையப் பத்திரிகையிலிருந்து விளையாட்டுச் செய்திகளை எடுத்துக்கொண்டார்கள். அதே ஜூலையில் 'லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ்' ஸ்கோர்க் கட்டங்களையும் ஆட்ட வர்ணனைகளையும் அச்சிலிருந்து நிறுத்தியது. என் நண்பருக்கு இதுதான் மற்றவற்றைவிட வலித்தது. "பொடி எழுத்தை எடுத்துட்டாங்க சார்" என்று, ஏதோ கோயிலில் மூலவரைப் பெயர்த்துவிட்டார்கள் என்கிற தொனியில் சொன்னார்.

1954-ல் தொடங்கிய 'ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்' விவகாரம் இன்னும் வேடிக்கை. 2023 நவம்பரில் அதன் இணையதளத்தில் பொருள்களைப் பரிந்துரைத்து எழுதிய சில ஆசிரியர்கள் பூலோகத்தில் இல்லவே இல்லை என்று வெளிவந்தது. பெயர் இருந்தது, புகைப்படமும் இருந்தது. புகைப்படம் கம்ப்யூட்டர் உண்டாக்கியது. இரண்டு மாதம் கழித்து, 2024 ஜனவரியில், உயிரோடிருந்த ஊழியர்களுக்கு வேலை நீக்க நோட்டீசு வந்தது. இல்லாத ஆட்களை யாராலும் வேலையை விட்டு நீக்க முடியாதல்லவா? பத்திரிகையை மார்ச்சில் வேறொரு கம்பெனி எடுத்துக்கொண்டதால் அது பிழைத்தது.

கடைசியாக, 2026 பிப்ரவரி 4 அன்று 'வாஷிங்டன் போஸ்ட்' ஊழியர்களில் மூன்றில் ஒரு பங்கினரை நீக்கியது. விளையாட்டுப் பகுதியை மூடிவிட்டது. குளிர்கால ஒலிம்பிக் தொடங்க இரண்டு நாள்தான் இருந்தது. அந்தப் பத்திரிகையில் ஷெர்லி போவிச் என்று ஒருவர் இருந்தார். 1920-களில் எழுதத் தொடங்கி 1998 ஜூன் 4 அன்று, 92-வது வயதில் காலமாகும் வரை எழுதினார். அவருடைய கடைசிக் கட்டுரை அவர் இறந்த மறுநாள் அச்சில் வந்தது. "அந்த மாதிரிச் சாவு யாருக்குக் கிடைக்கும்!" என்று என் நண்பர் பெருமூச்சு விட்டார். அவர் மனைவி உள்ளேயிருந்து, "நாள் கிழமையில் என்ன பேச்சு இது?" என்று அதட்டினார். அன்று வெள்ளிக்கிழமை.

நான் ஒரு நாள் வேண்டுமென்றே அவருடன் வழக்காடினேன். "இப்போது நாலாவது டிவிஷன் ஆட்டமென்ன, தெருமுனை ஆட்டத்துக்குக்கூடச் செல்போனில் பந்துக்குப் பந்து ஸ்கோர் வருகிறதே! எந்தப் பந்தை எந்தப் பக்கம் அடித்தான் என்று படம்கூடப் போடுகிறார்கள். உங்கள் பொடி எழுத்தில் அதெல்லாம் உண்டா? இனிஷியல் தப்பினால் பையனே திருத்திக்கொள்ளலாம். அப்பாவின் பேனா தேவையில்லை" என்றேன்.

"வாஸ்தவம்" என்றார். ஒப்புக்கொள்ள வேண்டியதை ஒப்புக்கொள்வதில் அவர் உத்தமர். கொஞ்சம் யோசித்துவிட்டு ஓர் ஆட்டத்தைப் பற்றிச் சொன்னார். கீழ் டிவிஷனுக்கு இறங்குவதா இல்லையா என்பதைத் தீர்மானிக்கிற ஆட்டம்; கடைசி ஜோடி ஆடுகிறது. ஸ்கோர்ப் புஸ்தகத்தில் 'ரன் அவுட்' என்று இருக்கும், அவ்வளவுதான். நடந்தது என்னவென்றால், ஓடி வந்த பையன் பந்து வீச்சாளர் மேல் மோதி விழுந்தான். பந்து கையில் இருந்தும் அந்தப் பந்து வீச்சாளர் ஸ்டம்பைத் தட்டவில்லை; அவனைக் கை கொடுத்துத் தூக்கிவிட்டார். காப்டன் கத்தினார். வேறொருவன் பந்தைப் பிடுங்கித் தட்டினான். அம்பயர் அவுட் கொடுத்தார். ஜெயித்த அணியில் அந்தப் பந்து வீச்சாளர் மட்டும் கை தட்டாமல் தனியாக நடந்து போனார். "இதை யார் சார் எழுதுவா? ஜெயிச்ச கிளப் எழுதுமா, தோத்த கிளப் எழுதுமா? மைதானத்தில் ரெண்டு பக்கத்துக்கும் சொந்தமில்லாத ஆள் நான் ஒருத்தன்தானே இருந்தேன்?"

எழுதினீர்களா என்று கேட்டேன். "எட்டு வரி. அதில் மூணு வரியை இடமில்லைன்னு வெட்டிட்டாங்க" என்றார்.

இரண்டு பக்கத்துக்கும் சொந்தமில்லாத ஆள் என்ன செய்வான் என்பதற்குப் பெரிய உதாரணம் ஒன்றும் உண்டு. அமெரிக்க ஜிம்னாஸ்டிக் சங்கத்தின் டாக்டர் பல வருஷங்களாகச் சிறுமிகளுக்குச் செய்துவந்த கொடுமையை 2016-ல் வெளிப்படுத்தியது 'இண்டியானாபோலிஸ் ஸ்டார்' என்ற ஊர்ப் பத்திரிகை. 2018 ஜனவரியில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட பெண்கள் கோர்ட்டில் அவன் முகத்துக்கு நேரே பேசினார்கள். பதக்கங்களை எண்ணிக்கொண்டிருந்த சங்கம் அதைத் தானாகச் சொல்லியிருக்குமா?

பல்பீர் சிங் கட்டுரை பற்றிய பொய் என்னை மூன்று வருஷம் உறுத்திக்கொண்டிருந்தது. 2023-ல் ஒரு நாள் அவர் வீட்டில் கேசரி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொல்லிவிட்டேன். அந்தக் கட்டுரையை நான் படிக்கவே இல்லை. அப்போது பத்திரிகையே வாங்கவில்லை. மறுபடி வாங்கத் தொடங்கவும் இல்லை. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன்.

அவர் அலமாரியிலிருந்து ஒரு கோப்பை எடுத்து வந்தார். "அன்னிக்கே தெரியும் சார். படிச்சிருந்தா நீங்க ஒரு தப்பாவது சொல்லியிருப்பீங்க" என்றார்.

அங்கேயே உட்கார்ந்து படித்தேன். நல்ல கட்டுரை. இரண்டாவது பத்தியில் ஒரு வாக்கியம் எழுவாயைத் தொலைத்துவிட்டு நின்றது, சுட்டிக்காட்டினேன். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்துவிட்டு, "ஆமாம்" என்றார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து ஓரத்தில் குறித்துக்கொண்டார்.

மறுவாரம் பத்திரிகை ஏஜெண்டைக் கூப்பிட்டேன். எங்கள் தெருவில் இப்போது வாங்குகிற வீடு ஐந்தே ஐந்து என்றும், பையன் வர ஏழரை ஆகிவிடும் என்றும், அதற்குச் சம்மதமானால் போடச் சொல்வதாகவும் சொன்னார். சம்மதித்தேன். கடைசிப் பக்கத்தில் பாதி நாள் முழுப் பக்க விளம்பரம் இருக்கிறது. விளையாட்டுப் பக்கத்தை உள்ளே தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மெரினா பக்கம் போயிருந்தேன். குடை தெரிந்தது. அருகில் போய் உட்கார்ந்தேன். நாற்பது பக்க நோட்டுப் புஸ்தகம். பள்ளிக்கூடப் பிள்ளைகளுடையது போல அட்டையில் வருஷம் எழுதி ஒட்டியிருந்தார். யாருக்காக எழுதுகிறீர்கள் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. 63 ரன் எடுத்திருந்த பையன் ஒருவன் எல்.பி.டபிள்யூ. ஆகி, மட்டையால் காலைத் தட்டிக்கொண்டு வந்தான்.

"தம்பி, இனிஷியல் என்ன?"

"கே சார். எந்தப் பேப்பர்?"

"கே ஃபார் கிங், இல்லையா? சரி. போய்த் தண்ணி குடி" என்றார் நண்பர்.